சிங்கப்பூர் நாலு நாள்: அப்பா சட்டைப்பையில லென்ஸோட போன பொம்மை மியூசியம்

மே 17, 2024, வெள்ளி

தங்கச்சி சிங்கப்பூர் போயி எட்டு வருஷம் ஆச்சு, "அப்பா அம்மாவை ஒரு தடவை கூட்டிட்டு வாண்ணே"ன்னு ஒவ்வொரு போன்லயும் சொல்லிட்டே இருப்பா, ஒரு வழியா இந்த மே மாசம் கெளம்பிட்டோம். வீட்டுக்காரிக்கு லீவு கிடைக்கலை, அதனால நான், அப்பா, அம்மா மூணு பேர்தான். ராத்திரி எல்லாம் தூக்கம் வந்துரும், இந்த நோட்டை எழுத முடியலை, அங்கங்க போன்ல கிறுக்கி வச்சதை ஊருக்கு வந்தப்புறம் நாள் வாரியா போடுறேன்.

காலையில செங்காங்ல தங்கச்சி வீட்டுக்கு வந்து சேந்ததும் அப்பா பால்கனியில போயி நின்னாரு. எங்க சிவகாசி வெயில் காய்ஞ்ச வெயில், நிழல்ல நின்னா அடங்கிரும். இங்க நிழல்ல நின்னாலும் சட்டை முதுகோட ஒட்டிக்குது. அப்பா கையை நீட்டிப் பாத்துட்டு முதல்ல சொன்னது, "இந்த ஈரத்துல பேப்பர் நெளிஞ்சிரும்டா, மிஷின் ஓட்டவே முடியாது." அம்பது வருஷத்துக்கு மேல அச்சாபீஸ்ல நின்ன மனுசன். 1968ல பதினஞ்சு வயசுல, அச்சுக்குப் படம் ஏத்துற லித்தோ கல்லு தேய்க்கப் போனவரு, அப்புறம் ஆப்செட் மிஷின்மேன். இப்பவும் சட்டைப்பையில சின்ன மடக்கு லென்ஸ் இருக்கும், அச்சுப் புள்ளி பாக்குறது. ஏர்போர்ட்ல சட்டைப்பையைக் காலி பண்ணச் சொன்னப்ப கூட அதைத் தனியா ட்ரேயில வைக்க மாட்டேன்னு கையிலயே வச்சிருந்தாரு, அந்த ஆபீஸர் வாங்கிப் பாத்துட்டு சிரிச்சுட்டு குடுத்துட்டாரு.

சாயங்காலம் தேக்கா மார்க்கெட்டுக்குப் போனோம். மட்டன் பிரியாணி 8 டாலர். ஒரு டாலர் 62 ரூபான்னு அம்மாவுக்கு சொல்லியிருக்கக் கூடாது, அதுக்கப்புறம் நாலு நாளும் ஒவ்வொரு வாய்க்கும் கணக்குப் போட்டுட்டே இருந்தாங்க. ஆனா பிரியாணி நல்லா இருந்துச்சு, கறி பூ மாதிரி வெந்திருந்துச்சு, கூட குடுத்த தால்ச்சாதான் நம்ம ஊரை விட இனிப்பு.

அங்க ஒண்ணு நடந்துச்சு. உக்கார எடம் தேடுறப்ப ஒரு மேசையில டிஷ்யூ பாக்கெட் மட்டும் கெடந்துச்சு, யாரோ மறந்துட்டாங்கன்னு அம்மா அதை எடுத்து, மேசை தொடைக்கிற அம்மாகிட்ட பத்திரமா ஒப்படைச்சுட்டு உக்காந்துட்டாங்க. ரெண்டு நிமிசத்துல ஒரு சீனப் பொண்ணு தட்டோட வந்து நிக்குது. இங்க எடம் பிடிக்கிறதுக்கு அப்படித்தான் டிஷ்யூ வைப்பாங்களாம், துண்டு போடுற மாதிரி. அம்மா பதறிப்போயி எந்திரிக்க, அந்தப் பொண்ணு அம்மா தோளைத் தொட்டு உக்கார வச்சு, தானும் அதே மேசையில ஓரமா உக்காந்து சாப்பிட்டுட்டு, போறப்ப அம்மாவோட தட்டையும் சேத்து எடுத்துட்டுப் போச்சு. அம்மா ராத்திரி வரைக்கும் அந்தப் பொண்ணைப் பத்தியே பேசிட்டிருந்தாங்க.

மே 18, சனி

மெரினா பே, மரம் மாதிரி கட்டுன கோபுரங்க, தண்ணி துப்புற சிங்கம், எல்லாரும் போற எடத்துக்குத்தான் போனோம், எல்லாரும் எடுக்குற போட்டோதான் எடுத்தோம். அழகுதான், ஆனா அதை எழுதுறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லை.

மத்தியானம் மூணு மணிக்கு மழை. நம்ம ஊர்ல மழைன்னா முதல்ல காத்து வரும், மண்ணு வாசம் வரும், கொடியில துணி எடுக்க நேரம் இருக்கும். இங்க அப்படியே வானத்தைக் கவுத்துட்டாங்க. ஓடுறப்ப அப்பாவோட செருப்பு வார் அறுந்து போச்சு, ஒத்தைச் செருப்போட எம்.ஆர்.டி. ரயில் ஸ்டேஷன் வரைக்கும் நடந்து வந்தாரு. ரயில்ல ஏறுனதும் காதுல ஹெட்போன் மாட்டுன ஒரு பையன், அப்பா காலைப் பாத்தான், எந்திரிச்சு நின்னுட்டான், ஒரு வார்த்தை பேசலை. அடுத்த ஸ்டேஷன் பேரு தமிழ்லயும் எழுதியிருக்குறதை அப்பா வாய்விட்டுப் படிச்சாரு. புது செருப்பு 12 டாலர், குடை 6 டாலர். அம்மா மனசுக்குள்ள பெருக்கிட்டு "ஆயிரத்து நூத்துச் சொச்சம்"னாங்க.

ராத்திரி தங்கச்சி மகன், ஏழு வயசு, "தாத்தா நாளைக்கு நான் ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன், பழைய கார்ட்டூன் எல்லாம் இருக்கும்"னான். ஸ்கூல்ல கூட்டிட்டுப் போயிருக்காங்க போல. அப்பாவுக்கு இஷ்டமே இல்லை. "பொம்மை பாக்குறதுக்கா இம்புட்டு தூரம் வந்தேன்"னாரு. பேரன் மூஞ்சி சுருங்கினதும் சரின்னுட்டாரு.

மே 19, ஞாயிறு

சிட்டி ஹால்ல எறங்கி ராஃபிள்ஸ் ஹோட்டலைத் தாண்டி பின்னாடி போனா சியா ஸ்ட்ரீட். 26ஆம் நம்பர்ல ஒல்லியா அஞ்சு மாடி, மின்ட் பொம்மை மியூசியம். இந்த மியூசியத்துக்காகவே கட்டுன கட்டடம், 2007ல தொறந்திருக்காங்க. சாங் யாங் ஃபாங்கிற ஒருத்தர் தனியா சேத்தது, மொத்தம் 50,000க்கு மேல இருக்காம், அதுல ஒரு பகுதிதான் வெளியில வச்சிருக்காங்க. லிஃப்ட்ல நேரா மேல ஏறி ஒவ்வொரு மாடியா எறங்கி வரணும். முட்டி வலிக்காரங்களுக்கு எறங்குறதும் கஷ்டம்தான், ஆனா அங்க இருந்த பொண்ணு கேக்காமலே அம்மாவுக்கு ஒரு ஸ்டூல் தந்துச்சு, ஒவ்வொரு மாடிக்கும் நானே தூக்கிட்டு வந்தேன்.

மேல் மாடி முழுக்க விண்வெளி. தகர ரோபோ, ராக்கெட்டு, டாலடிக்கிற துப்பாக்கி. பக் ரோஜர்ஸ், டான் டேர்னு பழைய விண்வெளி காமிக்ஸ் ஹீரோங்க, இவங்க காலத்துச் சாமானெல்லாம் கண்ணாடிக்குப் பின்னாடி. எனக்கு உடம்பு சிலுத்துருச்சு. சிவகாசியில பொறந்து காமிக்ஸ் படிக்காம வளந்தவன் யாரு இருக்கான்? 1972ல முத்து காமிக்ஸ் ஆரம்பிச்சதுல இருந்து எங்க ஊர்ல சூப்பர் ஹீரோங்க எல்லாம் தமிழ்தான் பேசுவாங்க. இரும்புக்கை மாயாவி, சட்டித்தலையன் ஆர்ச்சி, எல்லாம் எங்க வீட்டு ஆளுங்க மாதிரி. தெரு முழுக்க அச்சாபீஸ்ங்கிறதால எங்க நோட்டுக்கெல்லாம் அட்டை போடுறது வேஸ்ட் ஷீட்லதான், மிஷின் செட் ஆகுற வரைக்கும் ஓட்டிக் கழிச்ச தாளு. அதுல மூஞ்சி ஒரு எடத்துல இருக்கும், சிவப்பு கால் இஞ்ச் தள்ளி இருக்கும். எனக்குத் தெரிஞ்ச ஹீரோ பாதிப் பேருக்கு உதடு கன்னத்துலதான் இருந்துச்சு.

நான் இதையெல்லாம் நெனச்சுட்டு நிக்கிறேன், அப்பா ஒரு ரோபோ முன்னாடி குனிஞ்சு அசையாம நிக்காரு. பத்து நிமிசம் இருக்கும். என்னப்பான்னு போனா, "இது பெயின்ட் இல்லடா, பிரின்ட்"னாரு. நெஞ்சுல வரைஞ்சிருந்த மீட்டரு, முள்ளு, திருகாணி, எல்லாமே அச்சு. "ரிஜிஸ்டர் பாரு, மஞ்ச லேசா கீழ எறங்கியிருக்கு. ஒரு மயிரிழை." கலருங்க ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்கார்றதைத்தான் ரிஜிஸ்டர்னு சொல்வாங்க.

அதுக்கப்புறம் அவரு வேற ஆளாயிட்டாரு. தகரத்தை முதல்ல தட்டையா ஷீட்டா வச்சு அச்சடிச்சிருவாங்க, அப்புறம்தான் வெட்டி, டையில அமுக்கி, மடக்கி பொம்மையாக்குறது. அதனால உருண்டை மூஞ்சியைத் தட்டையில வரையறப்ப எங்க இழுக்கும், எங்க விரியும்னு முன்கூட்டியே தெரிஞ்சு கோணலா வரையணும். அமுக்கினப்புறம்தான் கண்ணு நேராகும். ரெண்டு துண்டை ஒட்டுறதுக்கு ஈயம் கெடையாது, ஒரு துண்டுல காது மாதிரி நீட்டிட்டிருக்கிற தகரம், இன்னொண்ணுல ஓட்டை, காதை உள்ள விட்டு மடிச்சு விட்டா முடிஞ்சுச்சு. இதையெல்லாம் பேரனுக்குத் தன் உள்ளங்கையை விரிச்சு, மடக்கி, குவிச்சுக் காட்டுனாரு. அவன் தன் கையையும் அப்படியே குவிச்சுப் பாத்தான்.

நானும் அப்பாவும் பேசிக்கிட்டதுல ஒண்ணை எழுதியே ஆகணும், ஏன்னா எங்க ஊர்க்காரங்களுக்கே நெறைய பேருக்குத் தெரியாது. ஆப்செட்டுன்னா பேப்பருக்கு வந்த மிஷின்னுதானே நெனைக்கோம். முதல்ல அது தகரத்துக்குத்தான் வந்துச்சு. 1875ல இங்கிலாந்துல ராபர்ட் பார்க்ளேங்கிறவரு அதுக்குப் பேட்டன்ட் எடுத்தாரு. லித்தோ கல்லும் கெட்டி, தகரமும் கெட்டி, ரெண்டையும் நேரா அமுக்குனா மை சரியா எறங்காது, அதனால நடுவுல ஒரு உருளையை வச்சு, கல்லுல இருந்து மையை அது வாங்கி தகரத்துக்குக் குடுக்குற மாதிரி பண்ணுனாங்க. முதல்ல அந்த உருளைக்கு அட்டை சுத்தியிருந்தாங்க, அப்புறம் ரப்பர் வந்துச்சு. நம்ம மிஷின்ல இருக்கிற பிளாங்கெட் அதேதான். அமெரிக்காவுல ஐரா ரூபெல் பேப்பருக்கு அதைக் கொண்டு வந்ததே 1904 வாக்குலதான். பிஸ்கட் டப்பாவுக்கும் பொம்மைக்கும் போட்ட அடியிலதான் காலண்டரும் பட்டாசு லேபிளும் ஓடுது, எங்க ஊரே அதுலதான் சோறு சாப்பிடுது. நான் முன்னாடி எங்கயோ படிச்சதை சொன்னேன், அப்பா கண்ணாடிக்குள்ள இருந்த ரோபோவைப் பாத்துட்டே "அப்ப இது நமக்கு மூத்ததுன்னு சொல்லு"ன்னாரு.

லென்ஸை எடுத்துக் கண்ணாடியில வச்சாரு. தெரியலை. அது பொருள் மேல ஒட்டி வச்சாத்தான் தெரியும், அரை அடி தள்ளி இருக்கிறதுக்கு ஆகாது. நாலஞ்சு தடவை வெவ்வேற எடத்துல வச்சுப் பாத்தாரு. கடைசியில நான் போன்ல ஜூம் பண்ணி எடுத்துக் காட்டுனேன், அதுல பாத்தாலும் அவருக்குத் திருப்தி இல்லை.

ஜப்பான் பொம்மைங்க ஒரு வரிசை. போர் முடிஞ்சு 1945ல இருந்து 1952 வரைக்கும் ஜப்பான் அமெரிக்கா தலைமையில வந்த நேசநாட்டுப் படை கையில இருந்துச்சு, அப்ப வெளிநாட்டுக்குப் போன சாமான்ல 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது'ன்னு முத்திரை குத்தி அனுப்புனாங்க. ஊரே எரிஞ்சு கெடக்கு, தகரம் கெடையாது, ராணுவ முகாம்ல தூக்கிப் போட்ட டப்பாவைப் பொறுக்கி, விரிச்சு, நிமித்தி, அதுல பொம்மை செஞ்சிருக்காங்க. அப்படிச் செஞ்ச சிலதுல உள்பக்கம் பாத்தா பழைய டப்பாவோட லேபிளே இருக்குமாம். வெளிய பளபளன்னு ஒரு ஜீப்பு, உள்ள யாரோ சாப்பிட்டு முடிச்ச டப்பா. அந்த ஜீப்பை வாங்கி வெளையாண்டது பூரா வேற நாட்டுப் புள்ளைங்க.

அப்ப பக்கத்துல ஒரு வயசான சீனக்காரரு வந்து நின்னாரு. அப்பாவை "ஆனே"ன்னு கூப்பிட்டாரு, இங்க நம்மாளுங்களை 'அண்ணே'ன்னு கூப்புடுறது இப்படி ஆகியிருக்கு. ஒரு ரோபோவைக் காட்டி, இதே மாதிரி தன்கிட்ட இருந்துச்சு, மழையில துருப் பிடிச்சதும் அம்மா தூக்கிப் போட்டுட்டாங்கன்னு கொஞ்சம் இங்கிலீஷ், கொஞ்சம் மலாய், மிச்சம் கையாலயே சொன்னாரு. அப்பாவுக்கு இங்கிலீஷும் தெரியாது, மலாயும் தெரியாது. ரெண்டு பேரும் அந்த ரோபோவோட முதுகுல சாவி எங்க இருக்கும்னு கை காட்டிப் பேசிட்டே அரை மணி நேரம் நின்னாங்க.

அடுத்த மாடி கார்ட்டூன் ஆளுங்க. பூனை பெலிக்ஸ் 1919, மிக்கி மவுஸ் 1928, பாப்பாய் 1929, டின்டினும் அதே 1929. பழைய மிக்கியைப் பாத்தா இப்ப இருக்கிற மிக்கியோட தாத்தா மாதிரி இருக்கு, மூக்கு நீளம், கை கால் குச்சி, கறுப்புக் கண்ணுல ஒரு துண்டு வெட்டி எடுத்த மாதிரி. நெஜ எலி மாதிரியே கொஞ்சம் பயமாத்தான் இருக்கு. பேரன் "இது மிக்கி இல்லை"ன்னு அடம் பிடிச்சான். அமெரிக்காவுல 1934ல பொருளாதாரம் படுத்துக் கெடந்த காலத்துல மிக்கியும் மின்னியும் கைப்பிடியை ஏத்தி எறக்கி ஓட்டுற மாதிரி ஒரு குட்டி ரயில் வண்டி ஒரு டாலருக்கு வித்தாங்க, லயனல்ங்கிற ரயில் பொம்மைக் கம்பெனி கடன்ல மூழ்கி கோர்ட்டு வரைக்கும் போயிருந்துச்சு, மறுபடி கால் ஊன அந்த எலி வண்டியும் கை குடுத்துச்சு. இந்தக் கதையெல்லாம் எனக்குப் பிடிக்கும். ஒரு படத்துல ஓடுற எலிக்காகத் தகரம் வெட்டுறவன், அச்சடிக்கிறவன், காது மடிக்கிறவன்னு எத்தனை வீட்ல அடுப்பு எரிஞ்சிருக்கு.

ரெண்டு மாடி எறங்கறதுக்குள்ள மணி ஒண்ணரை. பேரனுக்குப் பசி. வெளிய போயி பக்கத்துத் தெருவுல கோழிச் சோறு சாப்பிட்டோம், 6 டாலர், வேக வச்ச கோழி, இஞ்சி மிளகாய் சட்னி, கோழி எண்ணெயில வதக்கின சோறு. பாக்க வெள்ளையா ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், ஆனா அந்தச் சோத்தைத் தனியாவே சாப்பிடலாம். அம்மா மட்டும் ரெண்டு வாழைப்பழத்தோட நிறுத்திக்கிட்டாங்க.

திரும்பி மியூசியத்துக்கு வந்து கொஞ்ச நேரத்துல அம்மாவைத் தேடுனா ஆளைக் காணோம். ஸ்டூலைத் தானே இழுத்துட்டுப் போயி ஒரு கண்ணாடி அலமாரி முன்னாடி உக்காந்திருக்காங்க. சீனத் துணி பொம்மைங்க. மூஞ்சி மரம், வழவழன்னு இழைச்சது, தலைமுடியும் கண்ணும் உதடும் மட்டும் வர்ணம். கல்யாணப் பொண்ணு, விவசாயி, கெழவி, முதுகுல கைப்புள்ளையைக் கட்டுன அம்மா. ஷாங்காய்ல 1901ல மிஷனரிப் பொம்பளைங்க ஆரம்பிச்ச 'நம்பிக்கையின் வாசல்'ங்கிற விடுதியில செஞ்சது. வித்துப் போன பொண்ணுங்க, அடிமை வேலையில இருந்து தப்பிச்ச சின்னப் புள்ளைங்க, அவங்களுக்குத் தையல் கத்துக் குடுத்து, தச்ச சட்டையை இந்தப் பொம்மைக்குப் போட்டு வித்து, அந்தக் காசுல விடுதி நடந்துச்சு. தலையை மட்டும் மரம் செதுக்குறவங்க செஞ்சு குடுப்பாங்க, பேரிக்காய் மரத்துல.

நான் இதைப் படிச்சு சொன்னதும் அம்மா ஒண்ணும் சொல்லலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்த நீலச் சட்டை பித்தானைப் பாரு"ன்னாங்க. துணியை முறுக்கி முடிச்சுப் போட்ட பித்தான், கடுகை விடக் கொஞ்சம் பெருசு. வரிசையா அஞ்சு, எல்லாம் ஒரே அளவு. "இது பெரியாளுக விரலுக்கு வராது. சின்னப் புள்ளை போட்ட முடிச்சு."

அம்மா ஒன்பது வயசுல தீப்பெட்டி ஆபீஸ் போனவங்க. விடியுறதுக்கு முன்னாடி வண்டி வரும், பெட்டி ஒட்டுறது, லேபிள் ஒட்டுறது, பசையில விரல் இடுக்கெல்லாம் புண்ணு. எங்ககிட்ட அதிகம் பேச மாட்டாங்க. இன்னைக்கும் பேசலை. விரலை மட்டும் மடியில வச்சு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒண்ணோட ஒண்ணு உரசிட்டே இருந்துச்சு. நான் ஸ்டூல் பக்கத்துல தரையில உக்காந்தேன். மூடப் போறோம்னு சொல்ற வரைக்கும் அங்கதான் இருந்தோம், அடுத்த மாடியை நான் பாக்கவே இல்லை.

மே 20, திங்கள்

கால் வீங்கி அம்மா வீட்லயே இருந்துட்டாங்க. நானும் அப்பாவும் லிட்டில் இந்தியா போனோம். காலையில கோமள விலாஸ்ல இட்லி காபி, 1947ல இருந்து நடக்குற கடை, காபி டம்ளர் கையைச் சுடுற மாதிரி தந்தாங்க, அதுக்கே கும்புடலாம். அப்புறம் சைனா டவுன்ல ஒரு கடையில புதுசா செஞ்ச தகர ரோபோ இருந்துச்சு, 25 டாலர். பழசோட அச்சு அசல் மாதிரியே டப்பா எல்லாம் போட்டு. பேரனுக்கு வாங்கலாம்னு எடுத்தேன். அப்பா சாவி திருகிப் பாத்தாரு, நடக்குது. திருப்பி வச்சுட்டாரு. "ஓரம் தேய்க்கலை, கையைக் கிழிக்கும்." விரலை ஓட்டிப் பாத்தேன், நெஜந்தான், பிளேடு மாதிரி இருந்துச்சு.

ராத்திரி சாமான் கட்டுறப்ப தங்கச்சி அடுக்களையில காலியான ஒரு பெரிய மைலோ டின் இருந்துச்சு, பச்சை டின்னு. தூக்கிப் போடப் போனா. அப்பா "கொண்டா"ன்னு வாங்கி, சாப்பாட்டு மேசையில லைட்டுக்குக் கீழ வச்சு, சட்டைப்பையில இருந்து லென்ஸை எடுத்துத் தகரத்து மேல ஒட்டி வச்சாரு. நேத்து பூரா கண்ணாடிக்கும் தூரத்துக்கும் அல்லாடுன லென்ஸ். பேரனைக் கூப்பிட்டு, நாற்காலி மேல மண்டி போட வச்சு, ஒரு கண்ணை மூடிட்டுப் பாக்கச் சொன்னாரு.

"தாத்தா, பூராம் புள்ளி!"

"என்னென்ன கலர் இருக்குன்னு சொல்லு."

அவன் ஒவ்வொண்ணா சொன்னான். மஞ்ச, சிவப்பு மாதிரி ஒண்ணு, ஊதா மாதிரி ஒண்ணு, கறுப்பு. அப்புறம் டின்னைத் திருப்பி, ரெண்டு ஓரமும் சேர்ற எடத்தைக் காட்டி, இந்தப் பக்கத்துப் படம் அந்தப் பக்கத்தோட சேருதான்னு பாக்கச் சொன்னாரு. அவன் ரொம்ப நேரம் பாத்துட்டு, "கொஞ்சூண்டு தள்ளியிருக்கு தாத்தா"ன்னான்.

அப்பா என்னைத் திரும்பிப் பாத்தாரு. டின்னுக்குள்ள அம்மாவோட மாத்திரைங்களையும் அவரோட அறுந்த செருப்பையும் வச்சு மூடி பெட்டியில எடுத்துட்டு வந்துட்டோம். லென்ஸை மட்டும் செங்காங்லயே குடுத்துட்டு வந்துட்டாரு.